தூரத்துக் கூட்டம்

எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடையில், குடியை விட நினைப்பவர்கள் தமிழில் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் வாராவாரம் நடக்கிறது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அங்கே போகவில்லை. அல்சூரில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, ஜெயநகரில் இறங்கி, ஆங்கிலத்தில் நடக்கும் கூட்டத்துக்குப் போனேன். வீட்டில் கேட்டதற்கு, "பக்கத்துல போனா தெரிஞ்சவங்க பார்த்துடுவாங்க" என்றேன். அது பாதி உண்மை. மீதியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். என் பெயரைப் போடாததற்கு வெட்கம் காரணம் இல்லை. பத்திரிகையில் வரும்போது உறுப்பினர் பெயர் வெளிவரக் கூடாது என்பது, 1950-ல் அந்த இயக்கம் ஏற்றுக்கொண்ட பன்னிரண்டு மரபுகளில் ஒன்று.

பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் நான் இன்ஸ்பெக்டராக இருந்தேன். லேத்திலிருந்து வரும் புஷ்களையும் ஷாஃப்ட்களையும் அளந்து பார்த்து, சரியாக இருந்தால் கையெழுத்துப் போட்டு அனுப்புவது வேலை. பொருளை இடது கையில் பிடித்து, மைக்ரோமீட்டரை வலது உள்ளங்கையில் அணைத்து, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ராட்செட்டைத் திருக வேண்டும். டிக், டிக் என்று சத்தம் வந்ததும் நிறுத்திக் கோட்டைப் படிக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அதில் தெரியும். கை நடுங்கினால் ஒரே புஷ் ஒவ்வொரு தடவையும் ஒவ்வோர் அளவு காட்டும். எனக்கு அப்படித்தான் காட்டியது. காலை ஷிஃப்டில் டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கும் நிலைக்கு வந்திருந்தேன்.

அதற்கு மருந்தாக ஒரு நைன்டி. கர்நாடகத்தில் மலிவு விஸ்கி 90 மில்லி காகிதப் பாக்கெட்டில் வரும். ஜூஸ் டப்பா மாதிரியே இருக்கும். பாட்டில் போல உரசிச் சத்தம் போடாது. டிபன் பாக்ஸுக்கும் பைக்கும் நடுவில் நிற்கும். மூலையைக் கிழித்து வாயில் கவிழ்த்துவிட்டு, தட்டையாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். கழிவறையில் அதைக் குடித்த கொஞ்ச நேரத்தில் கை நின்றுவிடும். அந்தக் கையோடு வந்து மைக்ரோமீட்டரை எடுப்பேன். கை நின்றாலும் கண் நிற்கவில்லை என்பதை அப்போது நான் ஒப்புக்கொள்ளவே இல்லை. பிறகு அளப்பதையே குறைத்துக்கொண்டேன். பத்தில் ஒன்றை அளந்துவிட்டு மற்றவற்றுக்கு அந்த அளவையே எழுதினேன். அப்புறம் அந்த ஒன்றையும் அளக்கவில்லை.

ஒரு லாட் முழுக்க அப்படிப் போனது. என்னிடம் ஒப்பந்தத்தில் வேலை கற்க வந்த பையன் ஒருவன் இருந்தான், டிப்ளமோ முடித்தவன். 'அளந்தவர்' என்ற கட்டத்தில் அவன் கையெழுத்துப் போட வேண்டும், 'சரிபார்த்தவர்' என்ற கட்டத்தில் நான். "நான் பார்த்துட்டேன், நீ போடு" என்றேன். போட்டான். வாடிக்கையாளரிடமிருந்து லாட் திரும்பி வந்தது. விசாரணையில் உட்கார்ந்து, "அவன் அளந்ததை நம்பி நான் சைன் பண்ணிட்டேன்" என்று சொன்னேன். அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது எனக்குக் குரல் பிசிறவில்லை. அவன் என்னைப் பார்த்தானா இல்லையா என்று கூடத் தெரியாது, நான் அவன் பக்கம் திரும்பவில்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் அவனை அனுப்பினார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்தது.

இதைச் செய்த நான் என்னைக் குடிகாரன் என்று நினைத்ததே இல்லை. எங்கள் வீட்டில் அதற்கு வேறு அடையாளம் வைத்திருந்தார்கள். 1981 ஜூலையில் பெங்களூரில் மெத்தில் ஆல்கஹால் கலந்த சாராயத்தைக் குடித்து 300 பேருக்கு மேல் செத்தார்கள். அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். தினமும் ராத்திரி அளவோடு பிராந்தி சாப்பிடுகிற என் அப்பா, செத்தவர்களைப் பற்றி, "சாராயம் குடிச்சா இப்படித்தான்" என்றார். சாராயம் குடிப்பவன் வேறு சாதி, பிராந்தி சாப்பிடுகிறவன் வேறு சாதி என்று அன்றே எனக்குள் பதிந்துவிட்டது. பின்னால் கர்நாடகத்தில் சாராயம் பிளாஸ்டிக் பாக்கெட்டில் வந்தது. பாக்கெட் குடிப்பவன் என்றால் எங்கள் பக்கத்தில் அது வசவு. 2007 ஜூலை 1 முதல் சாராயத்தை அரசு தடை செய்தது. பாக்கெட் குடித்தவர்கள் மலிவு விஸ்கிக்கு வந்தார்கள். நான் மேலேயிருந்து அதே மலிவு விஸ்கிக்கு இறங்கினேன். ஒயின் ஷாப் ஸ்டாண்டிங்கில் அவர்களுக்குப் பக்கத்தில் நின்று குடித்தபோதும், நான் அவர்களில் ஒருவன் இல்லை என்ற நினைப்பு போகவில்லை. அந்த நினைப்புதான் பிறகு என்னை ஜெயநகர் வரைக்கும் ரயிலேற்றியது.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. கடைகளை மூடினார்கள். வீட்டில் இருந்தது இரண்டொரு நாளில் தீர்ந்தது. முதலில் வியர்வை, பிறகு தூக்கமின்மை. அதன் பிறகு சுவரில் எறும்புச் சாரை ஏறுவதைப் பார்த்தேன்; துணியை நனைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தேனாம். சுவரில் ஒன்றும் இல்லை. அன்று ராத்திரி வலிப்பு வந்தது. மனைவியும் அவளுடைய தம்பியும் போலீஸ் தடுப்புகளில் கெஞ்சி, ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸுக்குக் கொண்டு போனார்கள்.

இதை வாசிப்பவர்களில் யாராவது நாளை காலையிலிருந்து நிறுத்திவிடுகிறேன் என்று கிளம்பினால் அவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வருஷக்கணக்கில் தினமும் குடிக்கும் உடம்பு, மூளையைத் தூங்க வைக்கும் ஒரு பொருளுக்குப் பழகி, அதை எதிர்த்து மூளையை எப்போதும் முடுக்கியே வைத்திருக்கும். மதுவைத் திடீரென்று எடுத்துவிட்டால் அந்த முடுக்கம் மட்டும் மிஞ்சும். நடுக்கம் சில மணி நேரத்தில் வரும். வலிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள். அதற்கடுத்த இரண்டு மூன்று நாளில் சிலருக்குச் சித்தம் கலங்கும். டாக்டர்கள் அதை டெலிரியம் டிரமென்ஸ் என்கிறார்கள். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். டயஸிபாம் வகை மாத்திரையைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள்; தயமின் என்கிற பி1 வைட்டமின் ஊசி போடுவார்கள். மன உறுதி இருந்தால் போதும், வீட்டில் அடைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்று சொல்கிற உறவினர்களை நம்ப வேண்டாம். அந்த ஊரடங்கின்போது இப்படி வந்தவர்கள் பெங்களூரில் திடீரென்று கூடியதை டாக்டர்களே ஆய்விதழில் எழுதியிருக்கிறார்கள்.

டாக்டர் எல்லாவற்றையும் விளக்கினார். மருந்தோடு ஏதாவது ஒரு குழுவிலும் சேர வேண்டும் என்றார். சென்னையில் இருக்கும் மச்சினன் டி.டி.கே. மருத்துவமனையைச் சொன்னான். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய இடம் அது. குடிப்பவரோடு குடும்பத்தையும் உட்கார வைத்துச் சிகிச்சை தருகிறார்கள். ஊரடங்கு முடியட்டும் என்று தட்டிக்கழித்தேன். மே 4-ம் தேதி கர்நாடகத்தில் கடைகளைத் திறந்தார்கள். அன்று ஒரே நாளில் மாநிலத்தில் 45 கோடி ரூபாய்க்கு விற்றதாகச் செய்தி வந்தது. டிவியில் காட்டினார்களே, வெயிலில் வட்டம் போட்டு நின்ற வரிசைகள், அப்படி ஒன்றில் நானும் நின்றேன். மருத்துவமனை ஊசி போட்ட தழும்பு கையில் மஞ்சளாக இருந்தது. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது சிகிச்சை கிடைக்கிறது, உள்நோயாளியாகச் சேர முடிவது 180 பேரில் ஒருவருக்கு என்று 2019-ல் எய்ம்ஸ் டாக்டர்கள் மத்திய அரசுக்காக நடத்திய ஆய்வு சொல்கிறது. அந்த 180-ல் ஒருவனாக இடம் கிடைத்தவன் நான். வேறொருவருக்குப் போயிருக்க வேண்டிய கட்டில் அது.

மெட்ரோ மறுபடி ஓடத் தொடங்கி, கூட்டங்களும் நேரில் நடக்கத் தொடங்கிய பிறகு ஜெயநகர் போனேன். நல்ல மனிதர்கள். பதிவேடு இல்லை, சந்தா இல்லை. குடியை நிறுத்த விருப்பம் இருக்கிறது என்று நாமே சொன்னால் போதும், உறுப்பினர். டீக்கும் வாடகைக்கும் ஒரு பை சுற்றி வரும், போட்டாலும் போடாவிட்டாலும் கேட்பதில்லை. வெளியார் பணத்தை வாங்குவதும் இல்லை. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதில்லை. நான் ஆங்கிலத்தில் நன்றாகவே பேசினேன். வேலை நெருக்கடி, அப்பாவின் மரணம், தூக்கம் வராத ராத்திரிகள் என்று கதை ஒழுங்காக வந்தது. விசாரணை அறை அதில் இல்லை. பையன் இல்லை. என் குடியால் நான் மட்டும்தான் கஷ்டப்பட்டேன் என்கிற மாதிரி அதைக் கட்டியிருந்தேன்.

திரும்பும்போது மெஜஸ்டிக்கில் ரயில் மாறாமல் வெளியே வருவேன். அங்கே பாருக்கா பஞ்சம்! அடுத்த வாரம் போய், குடிக்கவில்லை என்பேன். ஒருநாள் குடிக்காமல் இருந்ததற்கு அடையாளமாக ஒரு நாணயம் தந்தார்கள். கை தட்டினார்கள். வாங்கிக்கொண்டேன். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஓர் இளைஞன், நீங்கள் பேசியதைக் கேட்டுத்தான் இந்த வாரம் நான் தாங்கினேன் என்று கையைப் பிடித்துக்கொண்டான். அவனிடமும் ஒன்றும் சொல்லவில்லை. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வேலையைச் சோதித்துச் சம்பளம் வாங்கியவன் நான். யாரும் யாரையும் சோதிக்காத ஓர் அறைக்குப் போய், அந்த நம்பிக்கையைக் குடிப்பதற்கு மறைப்பாக்கிக்கொண்டேன். செய்தவற்றில் எது கேவலம் என்று கேட்டால், விசாரணையில் சொன்ன பொய்க்கு அடுத்தபடி இதைத்தான் சொல்வேன்.

என் மனைவி அதற்குள் அல்-அனான் கூட்டத்துக்குப் போகத் தொடங்கியிருந்தாள். குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கானது அது. இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951-ல் அமைத்தது. அங்கே அவளுக்கு என்ன சொல்லிக் கொடுத்தார்களோ, சண்டை போடுவதை நிறுத்திவிட்டாள். நாணயத்தை அலமாரியிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்தாள். "இதை வாங்கிட்டு வந்த அன்னிக்கே வாசனை வந்துச்சுங்க. நான் ஒண்ணும் கேக்கல. பக்கத்துல இருக்கிற கூட்டத்துக்கு ஏன் போக மாட்டேங்கறீங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்றாள்.

மீதிப் பாதி இதுதான். ஆட்டோ ஓட்டுபவர்களும் மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளர்களும் வருகிற இடத்தில் நான் எப்படி உட்காருவது என்ற எண்ணம் இருந்தது, அதை மறுக்கவில்லை. அதற்கும் அடியில் பயம் இருந்தது. எங்கள் தொழிற்சாலையில் லேத் ஓட்டிய ஒருவர் குடியை விட்டுவிட்டு அந்தத் தமிழ்க் கூட்டத்துக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். அந்த லாட்டைக் கடைந்தவர் அவர்தான். நான் மைக்ரோமீட்டரைத் தொடாமலே தாளை நிரப்பியதை மெஷினுக்குப் பக்கத்திலிருந்து பார்த்தவர். அவர் முன்னால் உட்கார்ந்து என் கட்டுக்கதையைச் சொல்ல முடியாது. நான் தேடிப் போனது என் பொய் செல்லுபடியாகிற கூட்டத்தை.

மனைவியிடம் அன்று இதைச் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரமே போனேன். ஒரு பள்ளிக்கூட அறை. பிள்ளைகளின் குட்டை பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார வேண்டும். கரும்பலகையில் கடன் வாங்கிக் கழித்தல் கணக்கு பாதி அழிந்திருந்தது. லேத் ஆபரேட்டர் வாசல் பக்கம் நின்று டீ ஊற்றிக்கொண்டிருந்தார். "வாங்க சார், உக்காருங்க" என்று ஒரு கப்பை நீட்டினார். அவ்வளவுதான். அவர் வேறெதுவும் கேட்கவில்லை, அன்றும் சரி, அதற்குப் பிறகும் சரி.

அன்று பேச வந்தவர் ஆட்டோ ஓட்டுநர். இயக்கம் பிறந்த கதையைச் சொன்னார். 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் ஊருக்கு வியாபாரமாக வந்த பில் வில்சன், காரியம் கெட்டு, ஹோட்டல் கூடத்தில் தனியாக நிற்கிறார். ஒரு பக்கம் பார், இன்னொரு பக்கம் டெலிபோன். இன்னொரு குடிகாரனிடம் பேசினால்தான் தன்னால் இன்று குடிக்காமல் இருக்க முடியும் என்று தோன்றி, சர்ச்சுகளுக்குப் போன் போடுகிறார். அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப். அறுவை சிகிச்சை நிபுணர். பதினைந்து நிமிஷம்தான் பேசுவேன் என்று வந்தவர் ராத்திரி வரை பேசினார். நடுவில் ஒருமுறை மறுபடி குடித்துவிட்டார். ஜூன் 10-ம் தேதி அவர் ஒரு ஆபரேஷன் செய்ய வேண்டியிருந்தது, கை நடுங்கியது. நடுக்கம் நிற்க பில் அவருக்கு ஒரு பீர் வாங்கிக் கொடுத்தார். அதுதான் டாக்டர் பாப் கடைசியாகக் குடித்தது. அந்தத் தேதியையே இயக்கம் பிறந்த நாளாக வைத்திருக்கிறார்கள். 1957-ல் அது இந்தியாவுக்கு வந்தது.

கத்தி பிடிக்கிற கை நடுங்கியதைச் சொல்லும்போது ஆட்டோக்காரர் தன் கையை நீட்டி ஹேண்டில்பார் பிடிப்பது போல் காட்டினார். நான் மைக்ரோமீட்டரை நினைத்தேன். என் முறை வந்ததும் தயாரித்து வைத்திருந்தது எதுவும் வரவில்லை. கழிவறை நைன்டியில் தொடங்கி, லாட், விசாரணை, பையன், மஞ்சள் தழும்போடு வரிசையில் நின்றது, ஜெயநகர் நாணயம் வரை தமிழில் சொன்னேன். ஆபரேட்டர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் எல்லோருக்கும் சொல்வதுபோல எனக்கும் நன்றி சொன்னார்கள். அடுத்தவர் பேசத் தொடங்கினார்.

இந்தக் கூட்டங்களால் என்ன பிரயோஜனம், வெறும் பிரார்த்தனைதானே என்று கேட்பவர்கள் உண்டு, நானும் கேட்டிருக்கிறேன். 2020-ல் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் அதிகமானவர்களைப் பற்றிய தரவுகளை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. குடியை முழுதாக விட்டு அப்படியே இருப்பதற்கு, இந்த இயக்கத்தோடு முறையாக இணைக்கும் சிகிச்சைகள் மற்ற உளவியல் சிகிச்சைகளைவிடக் கூடுதலாக உதவுகின்றன என்று முடிவு சொன்னது. எல்லோருக்கும் இது ஒத்துவரும் என்று நான் சொல்ல மாட்டேன். நால்ட்ரெக்ஸோன் போன்ற மருந்தோடு மனநல மருத்துவரிடம் போய்க்கொண்டே கூட்டத்துக்கும் வருகிறவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள், நானும் அப்படித்தான். யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்கள் 14416-க்கு, டெலி மானஸ் உதவி எண்ணுக்கு, போன் செய்யலாம். தமிழிலும் கன்னடத்திலும் பேசுவார்கள்.

பன்னிரண்டு படிகளில் எட்டாவது, நம்மால் பாதிக்கப்பட்டவர்களின் பட்டியலை எழுதுவது. ஒன்பதாவது, அவர்களை நேரில் கண்டு ஈடு செய்வது, அதனால் அவர்களுக்கோ பிறருக்கோ கேடு வராதென்றால். எனக்கு வழிகாட்டியாக இருப்பவர் மாநகராட்சியில் துப்புரவு வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். "தம்பி, மன்னிப்பு வாங்கப் போகாதே. அவனுக்கு என்ன வேணும்னு கேக்கப் போ" என்றார். ஆபரேட்டர்தான் விலாசம் விசாரித்துக் கொடுத்தார்.

பையன் இப்போது ஓசூரில் இருக்கிறான். பையன் என்று எழுதுகிறேன், இரண்டு குழந்தைகளுக்கு அப்பா. வாசலிலேயே நிற்க வைத்துக் கேட்டான். நான் சொல்லி முடித்ததும், "எனக்குத் தெரியும் சார், நீங்கதான்னு. எங்க அப்பாவுக்குத் தெரியாது. நான் வேலையில பொறுப்பில்லாம இருந்து கெடுத்துக்கிட்டேன்னு நினைச்சுக்கிட்டேதான் போனாரு. அவர்கிட்ட இனிமே என்ன சொல்வீங்க?" என்றான். பதில் இல்லை. என்ன வேண்டும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "உள்ளே அம்மா இருக்காங்க. அவங்ககிட்ட சொல்லுங்க. அப்புறம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க" என்றான்.

அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். "இவங்கப்பா இருக்கும்போது வந்திருக்கலாமே" என்றார். வந்திருக்கலாம், அப்போது குடித்துக்கொண்டிருந்தேன் என்றேன். அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. மன்னித்ததாகவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். தேதி, லாட், அளக்காமல் நிரப்பியது, அவனைக் கையெழுத்துப் போடச் சொன்னது, விசாரணையில் பொய் சொன்னது. இரண்டு பிரதி. ஒன்று அவனிடம் இருக்கிறது. இன்னொன்றைத் தொழிற்சாலைக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். என்ன நடவடிக்கை வந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறேன். அவன் அந்தத் தாளை அம்மாவின் கையில் கொடுத்து, ஒருமுறை சத்தமாகப் படிக்கச் சொன்னான். அவர் படித்து முடிக்கும்வரை நான் உட்கார்ந்திருந்தேன்.